புகைப்படக் கலையும் இல்லறமும்

மனிதன் வயிற்றின்பொருட்டு உழைப்பதோடு அமைவானல்லன். உழைப்பு ஒழிந்த நேரத்தில் தன் உள்ளம் விழைவதொன்றை நாடிச் செல்கின்றான். ஒருவர்க்கு வீணை, மற்றொருவர்க்குத் தோட்டம், வேறொருவர்க்குச் சதுரங்கம். நம் கல்லூரி மாணாக்கருள் பலர்க்கு இக்காலத்தே காமரா. படம் பிடிக்கும் முறைகளைக் கற்பிக்கும் நூல்கள் மிகப் பல. ஆயின், அவ்வார்வத்தை ஒருவர் தம் வாழ்க்கைத் துணையோடும் மக்களோடும் பெற்றோரோடும் கூடிய வாழ்வில் எங்ஙனம் பொருத்திக்கொள்வது என்பதைப் பற்றி அந்நூல்கள் வாய் திறப்பதில்லை. இன்று தனியராய்த் திரியும் மாணாக்கர் நாளை இல்லறம் ஏற்பவர். பழைய மாணவரோ இவ்விடரை இன்றே அறிந்தவர். ஆதலின் இப்பொருள் குறித்துச் சில கூறத் துணிந்தோம்.

முதற்கண், ஏனைய பொழுதுபோக்குக்களினும் இக்கலை குடும்பத்தோடு மிகுதியாக முட்டிக்கொள்வது ஏன் என்பதை ஆராய்வோம். வீணை பயில்வோர் தம் நேரத்தைத் தாமே குறித்துக்கொள்ளலாம். படம் பிடிப்போர்க்கு நேரம் குறிப்பவன் கதிரவன். அவன் எழுந்தபின் ஒரு மணி நேரமும், அடையுமுன் ஒரு மணி நேரமும் ஒளி சாய்ந்தும் மென்மையாயும் விழும். நண்பகலிலோ புருவத்தின் நிழல் கண்களை மறைத்து முகத்தைக் கெடுத்துவிடும். ஆதலின் படம் பிடிப்போர் காலையையும் மாலையையுமே நாடுவர். அவ்விரு வேளைகளே இல்லத்தில் வேலை நெருக்கும் வேளைகள். காலையில் அடுப்பு மூட்டல், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பல். மாலையில் அவர்கள் திரும்பி வருதல், பாடம் கேட்டல், முதியோர்க்கு மருந்து கொடுத்தல். கதிரவனும் குடும்பமும் ஒரே வேளையில் ஒருவரை அழைக்கின்றன என்க.

இரண்டாவது பொருட்செலவு. ஒரு லென்ஸ் வாங்கியவர்க்கு அடுத்த லென்ஸின்மேல் கண் செல்லும். மூன்றாவது தனிமை. முன்னாளில் இருட்டறையிற் கழிந்த நேரம் இந்நாளில் கணினியின்முன் கழிகின்றது. ஒரு நாளில் எடுத்த நானூறு படங்களுள் நல்லன நான்கைத் தெரிந்தெடுக்க இரவு நீளுகின்றது. நான்காவது கவனம். இதுவே எல்லாவற்றினும் பெரிது. உடல் இல்லத்திலேயே இருப்பினும், காமராவைக் கையிலேந்தியவரது மனம் ஒளியிலும் நிழலிலும் சென்றுவிடுகின்றது.

இம்முரண் இக்கலை பிறந்த பொழுதே உடன் பிறந்தது. ஆங்கில நாட்டு லேக்காக் ஊரினரான டால்பட் என்பார் தச்சரைக் கொண்டு செய்வித்த சிறு மரப்பெட்டிகளைத் தம் மாளிகையைச் சுற்றி ஆங்காங்கே வைத்து ஒளியின் உருவைத் தாளிற் பதிக்க முயன்றார். 1835ஆம் ஆண்டில் எழுதிய கடிதமொன்றில் அவர் மனைவியார் கான்ஸ்டன்ஸ் அப்பெட்டிகளை எலிப்பொறிகள் என்று குறித்தார். கணவர் பெருங்கண்டுபிடிப்பென்று கருதியவை இல்லாளுக்கு எலிப்பொறிகளாய்த் தோன்றின! எனினும் அவ்வம்மையார் நகைத்ததோடு நில்லாது, 1839இல் தாமும் அவ்வித்தையை முயன்று பார்த்தார். வீட்டில் ஒருவரது ஆர்வத்தை மற்றொருவர் எள்ளலாம். எள்ளிய பின்னர் அருகிற் சென்று பார்ப்பதே அன்பு.

நிற்க. இக்கலையில் பெரும்புகழ் எய்தியும் குடும்பத்தின் நடுவே வாழ்ந்த மூவரது வரலாற்றை ஈண்டு நோக்குவோம். மூவரும் பெண்மணிகள். இல்லச்சுமையின் பெரும்பகுதியைத் தாங்கியோர் அவர்களே ஆதலின், இரண்டையும் ஒருங்கு சுமக்கும் வழியை அவர்களே நன்கு அறிவிக்கவல்லார்.

முதலாமவர் ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையார். இவர் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். மக்கள் பலரை வளர்த்தவர். 1863ஆம் ஆண்டு கிறிஸ்துமஸையொட்டி, வைட் தீவில் வாழ்ந்த இவர்க்கு மகளும் மருமகனும் காமரா ஒன்றைப் பரிசாக அளித்தனர். அப்பொழுது அவர்க்கு வயது 48. தாயின் தனிமைக்கு ஒரு துணையாகட்டும் என்பதே மகளின் எண்ணம். ஆர்வம் குடும்பத்தினின்றே வந்தது என்பது கருதற்பாலது. அம்மையார் நிலக்கரி வைக்கும் கொட்டகையை இருட்டறையாக்கினார். கோழிக்கூட்டைக் கண்ணாடி அறையாக்கினார். 1864ஆம் ஆண்டு சனவரியில் ஆனி என்னும் சிறுமியின் படத்தை எடுத்து, அதுவே தமது முதல் வெற்றி என்று களித்தார்.

அக்காலத்து முறை எளிதன்று. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்னும் பசைநீரைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன்னரே படம் பிடித்து, உடனே இருட்டறைக்குக் கொண்டுசென்று துலக்கல் வேண்டும். எதிரே அமர்ந்தவர் நெடுநேரம் அசையாதிருத்தல் வேண்டும். அம்மையார் யாரை அங்ஙனம் அமர்த்தினார்? உறவினரையும் அண்டை வீட்டாரையும் வீட்டுப் பணிப்பெண்களையுமே. மேரி ஹில்லியர் என்னும் பணிப்பெண் பல படங்களில் கன்னி மரியாளாக அமர்ந்தாள். ஒவ்வொரு படமும் துலங்கியவுடன், ஈரம் சொட்டும் தகட்டோடு உணவறைக்கு ஓடிக் கணவர்க்குக் காட்டுதல் அவர் வழக்கம். வெள்ளி நைட்ரேட்டுக் கறை துணியிற் பட்டால் எளிதிற் போகாது. மேசை விரிப்புக்கள் பல அவ்வாறு பாழாயின என்றும், பொறுமை குறைந்த வேறொரு வீடாயின் தம்மை வெளியேற்றியிருக்கும் என்றும் அவரே எழுதிவைத்துள்ளார்.

கறைபட்ட அவ்விரிப்புக்கள் நமக்கு அறிவிப்பது யாது? அவ்வீட்டார் அவர்தம் கலையால் துன்புறவில்லை என்பதன்று; துன்புற்றனர். ஆயினும் அக்கலையின் மகிழ்ச்சியில் அவர்களுக்கும் பங்கு கிடைத்தது. பங்கு பெற்றவர் கறையைப் பொறுத்தனர். அவர்க்குப் பணிப்பெண்கள் இருந்தனர் என்பதையும் மறத்தல் கூடாது. எல்லார்க்கும் அவ்வசதி இல்லை. 1875இல் கணவரும் மக்களும் பொருட்டாக, தாம் புகழ் பெற்ற இடத்தை விட்டு இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். களுத்துறையில் ஊர் மக்களையும் தொழிலாளரையும் சில படங்கள் எடுத்தார். முன்போல மிகுதியாக எடுத்தாரில்லை. 1879இல் இலங்கையிலேயே உயிர் நீத்தார். குடும்பம் அவர் கலைக்கு இடங்கொடுத்தது. பின்னர் அவர் கலை குடும்பத்திற்கு இடங்கொடுத்தது.

இரண்டாமவர் அமெரிக்க நாட்டு இமோஜன் கன்னிங்காம் அம்மையார். 1883இல் பிறந்த இவர் சியாட்டில் நகரில் தொழில்முறையாகப் படம் பிடித்துவந்தார். 1915இல் மணம் புரிந்தார். அவ்வாண்டிலேயே ஒரு மகனும், 1917இல் இரட்டையராக இரு மைந்தரும் பிறந்தனர். கலிபோர்னியாவிற்குக் குடியேறியபின், மூன்று சிறுவரையும் விட்டு அகல இயலாதவராய் வீட்டோடு நின்றார். வேறொருவராயின் காமராவைப் பெட்டியிற் பூட்டியிருப்பர். அன்றேல் குழந்தைகளை வெறுத்திருப்பர். அம்மையாரோ தோட்டத்திற் செடிகளை வளர்த்தார். சிறுவர் விளையாடும்பொழுது அவர்களை நோக்கியவாறே அச்செடிகளின் பூக்களை அணுகிப் படம் பிடித்தார். ஆடு மேய்த்தாற்போலவும் அண்ணனுக்குப் பெண் பார்த்தாற்போலவும் என்னும் நம் நாட்டுப் பழமொழிக்கு இதனினும் நல்ல சான்று உண்டோ? 1925ஆம் ஆண்டளவில் அவர் எடுத்த மக்னோலியா மலரின் படம் இன்றும் உலகப் புகழ் வாய்ந்தது. வாசலைத் தாண்ட இயலாமையே அவரைப் பூவின் உள்ளே நோக்கச் செய்தது.

எனினும் அவர் இல்வாழ்க்கை இறுதிவரை இனிதாயிருந்தது என்று கூறல் பொய்யாகும். 1934இல், நியூயார்க்கு நகர்ப் பத்திரிகையொன்றின் பணி அவரை அழைத்தது. தாமும் உடன் வரும்வரை பொறுக்குமாறு கணவர் வேண்டினார், அம்மையார் பொறுத்தாரல்லர், மணவாழ்க்கை முறிந்தது. யார்மீது பிழை என்று நாம் தீர்ப்புக் கூறவேண்டுவதில்லை. பல்லாண்டு தோட்டத்தில் அடங்கியிருந்த ஆர்வம், ஒரு நாள் கதவைத் தட்டியபொழுது பொறுக்கும் ஆற்றலை இழந்திருத்தல் கூடும். அடக்கிய ஆர்வத்தை அழிந்த ஆர்வமென்று இல்லத்தார் எண்ணிவிடலாகாது.

அவ்வம்மையாரின் இரட்டையருள் ஒருவரான ராண்டல் இளமையில் உதவியாளராய் அமர்ந்தது மூன்றாமவராகிய டொரத்தியா லாங் அம்மையாரிடத்து. இவர் 1930களில் வறுமையுற்ற உழவரையும் கூலியாட்களையும் படம் பிடிக்க நெடுந்தொலைவு சுற்றினார். அக்காலத்தே தம் புதல்வர் இருவரையும் பணம் கொடுத்துப் பிறர் இல்லங்களில் விட்டுவைக்க நேர்ந்தது. 1936ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், ஏறத்தாழ ஒரு திங்கள் அலைந்தபின், மழையில் தம் இல்லம் நோக்கிக் கார் ஓட்டிவந்தார். வழியில் பட்டாணி பறிப்போர் தங்கும் முகாமின் அறிவிப்புப் பலகை ஒன்றைக் கண்டார். வீடு செல்லும் விருப்பத்தால் நில்லாது இருபது மைல் கடந்தார். பின்னர் மனம் பொறாது திரும்பி வந்தார். அங்கே பசித்த மக்களோடு அமர்ந்திருந்த 32 வயதுத் தாய் ஒருத்தியைச் சில படங்கள் எடுத்தார். அவற்றுள் ஒன்றே குடிபெயர்ந்த தாய் என்னும் பெயரால் உலகம் அறிந்த படம்.

தன் மக்களைப் பிறரிடம் விட்டுவந்த தாய் ஒருத்தி, தன் மக்களைத் தோளில் தாங்கிய தாய் ஒருத்தியைப் படம் பிடித்த அந்நிகழ்ச்சியை யாம் நினையாத நாள் அரிது. அப்படத்தால் உலகம் பெற்ற நன்மை பெரிது. அந்நன்மைக்கு விலை கொடுத்தவருள் அவ்விரு சிறுவரும் உளர். அவர்களை யாரும் கேட்டிலர். மூத்த மகன் டேனியல் இளமையில் வழிதடுமாறி அலைந்தார். ஆயினும் 1954இல் தாயும் அம்மகனும் ஒருங்கே அயர்லாந்து சென்றனர். தாய் படம் பிடித்தார், மகன் எழுதினார். இழந்த ஆண்டுகள் திரும்பவில்லை. வழி மட்டும் மீண்டும் ஒன்றாயிற்று. இறுதிக் காலத்தில் அம்மையார் தம் பேரப்பிள்ளைகள் கடற்கரைக் குடிலொன்றில் விளையாடுவதை விரும்பிப் படம் பிடித்தார்.

இனிக் கவனத்தைப் பற்றி ஒன்று கூறவேண்டும். அமெரிக்காவிலுள்ள பேர்பீல்டு பல்கலைக்கழகத்து உளநூற் பேராசிரியர் லிண்டா ஹெங்கல் என்பார் 2014இல் ஆராய்ச்சியொன்றை வெளியிட்டார். மாணவர்களைக் காட்சிச்சாலைக்கு அழைத்துச் சென்று, சில பொருள்களைப் பார்க்க மட்டும் செய்தார். வேறு சிலவற்றைப் படம் பிடிக்கச் செய்தார். மறுநாள் சோதித்தபொழுது, படம் பிடித்தவற்றினும் பார்த்தவற்றையே அவர்கள் மிகுதியாக நினைவில் வைத்திருந்தனர். காமரா நினைவில் வைத்துக்கொள்ளும் என்று மனம் தன் வேலையை விட்டுவிடுகின்றது போலும்! ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் அணுகிப் பெரிதாக்கிப் பிடித்தவர்க்கு அக்குறை நேரவில்லை. கருத்தூன்றி நோக்குவோர்க்குக் கருவி பகையன்று.

இவ்வுண்மையை அறிதற்கு எமக்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை. எம் தமக்கையாரின் திருமணத்தன்று யாம் இருநூற்றுக்கு மேற்பட்ட படங்கள் எடுத்தோம். அவர் புக்ககம் புறப்படுங்கால் எம் தந்தையார் அவர் கையைப் பற்றி நிற்கும் படம் அவற்றுட் சிறந்தது. அடுத்த ஆண்டில் தந்தையார் காலமானார். பின்னொருநாள் அப்படத்தை நோக்கியிருந்தபொழுது, அவர் வாய் சிறிதே திறந்திருத்தலைக் கண்டோம். அவர் அன்று மொழிந்தது யாதென்று எண்ணிப் பார்த்தோம், நினைவிற்கு வரவில்லை. அருகில் நின்றிருந்தும் யாம் கேட்டிலோம். தமக்கையாரை வினவினோம். "அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார், தம்பி, வெளிச்சம் போதவில்லை, சிறிது விலகி நில்லுங்கள் என்று நீ சொன்னாய். அத்தோடு அவர் பேச்சு நின்றுவிட்டது" என்றார். அவர் குறையாகக் கூறவில்லை. எமக்கோ அன்றுமுதல் அப்படத்தை நோக்கும்தோறும் அச்சொல்லாத சொல்லே முன் நிற்கின்றது.

ஆதலின் யாம் பட்டறிந்த சிலவற்றை இளையோர்க்குக் கூறி முடிப்போம். கலைக்குரிய வேளையை முன்கூட்டியே இல்லத்தாரோடு கலந்து குறித்துக்கொள்க; வாரத்தில் ஒரு விடியல் உமதாகுக. குறித்த வேளை கழிந்தால், ஒளி எத்துணை அழகாயினும் வீடு திரும்புக. நாளைக்கும் கதிரவன் எழுவான். பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளை இன்றைய கதையைச் சொல்ல நாளைவரை காத்திராது. காமராவிற்குரிய பணத்தைத் தனியே சேர்த்து வைக்க. வீட்டுச் செலவுப் பணத்தில் ஒருபொழுதும் கை வையற்க. குடும்பச் சடங்குகளில் படம் பிடிக்கும் பொறுப்பை வேறொருவர்க்கு அளித்து, மகனாகவோ தந்தையாகவோ நிற்க. எடுக்கத்தான் வேண்டுமெனின் சிலவற்றை எடுத்துக் கருவியைப் பைக்குள் வைத்துவிடுக. எடுத்தவற்றைக் கணினியிற் புதைக்காது, அச்சிட்டு வீட்டாரிடம் கொடுக்க. காமராவை வீட்டார் கையிலும் இடையிடையே கொடுக்க. அன்றேல் குடும்ப ஆல்பத்தில் நீர் மட்டும் இல்லாதொழிவீர். வேண்டாமென்று முகம் திருப்பும் குழந்தையைப் படம் பிடியற்க. உடன்பாடின்றி அதன் படத்தை இணையத்தில் ஊரார் காண இடவும் வேண்டா.

இல்லத்தாரும் ஒன்று அறிதல் வேண்டும். ஒருவரது ஆர்வத்தை வீண் வேலையென்று ஒதுக்குதல் அவரை வீட்டினின்று சிறிது சிறிதாக ஒதுக்குதலேயாம். எலிப்பொறி என்று நகைத்தபின் அருகிற் சென்று நோக்குக. ஈரத் தகட்டோடு ஓடிவருவாரை, விரிப்பு கறைபடினும், வருக என்க. அங்ஙனம் வரவேற்கப்பட்டவர் எத்துணைத் தொலைவு சென்றாலும், எடுத்த படத்தைக் காட்டுதற்கேனும் வீடு திரும்புவர்.

அடுத்த முறை அன்புடையார் ஒருவர் உமது காமராவின்முன் வாய் திறப்பாராயின், நேயர்காள், அவர் சொல்லி முடிக்கும்வரை கருவியைத் தாழ்த்தி நிற்பீராக. படம் ஒன்று தவறிப்போகலாம். போகட்டும்.