கோழியைப் பற்றிப் படிக்க 2,500 ரூபாயா?
சாவி நூலகரிடம் இருக்கிறது!

நாமக்கல் பக்கம் போயிருக்கிறீர்களா? ரோட்டின் இரண்டு பக்கமும் கோழிப் பண்ணைகள்! சித்திரை வெயில் கொளுத்தும்போது கோழிகள் வாயைத் திறந்து மூச்சு வாங்கும். தீனி குறையும். முட்டையும் குறையும்.

"வெயில் காலத்தில் கோழிக்கு எப்படித் தீனி கொடுப்பது?" இந்தக் கேள்வி ஒரு கல்லூரி மாணவிக்கு அசைன்மென்டாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவள் பண்ணை வீட்டுப் பெண். பத்துப் பக்கம் எழுத வேண்டும். திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும்.

செல்போனில் தேடுகிறாள். ஆகா, கிடைத்துவிட்டது! அவளுக்கு வேண்டிய அதே விஷயம். ஆனால் தலைப்பும் பத்து வரிச் சுருக்கமும்தான் தெரிகின்றன. மீதியைப் படிக்க வேண்டுமா? பணம் கட்டு என்கிறது. எவ்வளவு தெரியுமா? சாதாரணமாக 30 டாலர், 40 டாலர்! நம் பணத்தில் 2,500 ரூபாய்க்கு மேல். பண்ணையில் முட்டை 5 ரூபாய் என்று வைத்தாலும், 500 முட்டை விற்க வேண்டும். ஒரே ஒரு கட்டுரையைப் படிக்க!

பூட்டியது யார்?

உலகம் எங்கும் ஆராய்ச்சி செய்கிறவர்கள் தாங்கள் கண்டதைக் கட்டுரையாக எழுதுகிறார்கள். அவை ஆராய்ச்சிப் பத்திரிகைகளில் வருகின்றன. எழுதியவருக்குப் பத்திரிகை சம்பளம் கொடுப்பதில்லை. சரியா, தப்பா என்று சோதித்துச் சொல்லும் அறிஞர்களுக்கும் பெரும்பாலும் கூலி இல்லை. ஆனால் படிக்கிறவர் பணம் கொடுக்க வேண்டும்! இது என்ன நியாயம் என்று நீங்கள் கேட்கலாம். நமக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. பத்திரிகையைத் தயாரித்து, காலம் காலமாகப் பாதுகாக்கச் செலவு ஆகிறது என்பது பதிப்பாளர்கள் சொல்லும் பதில்.

மாணவியால் பணம் கட்ட முடியாது. அதனால் கல்லூரி நூலகம் எல்லோருக்குமாகச் சந்தா கட்டுகிறது. முன்பு பத்திரிகை தபாலில் வரும், மேஜையில் கிடக்கும். இப்போது அது கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. சாவி மட்டும் நூலகரிடம் இருக்கிறது.

கல்லூரிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கு, வீட்டுக் கதவு எண் போல, ஒரு எண் உண்டு. "இந்த எண்ணிலிருந்து யார் வந்தாலும் கதவைத் திற" என்று நூலகர் பதிப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கிறார். வீட்டிலிருந்து படிக்க வேண்டுமானால், ஒவ்வொருவருக்கும் ஒரு பெயரும் ரகசியச் சொல்லும் கொடுக்கிறார். படிப்பு முடிந்து போனவரின் பெயரை நீக்கிவிடுகிறார்.

ஒருவர் செய்த வினை

இங்கேதான் ஆபத்து இருக்கிறது. அசைன்மென்ட் அவசரத்தில் ஒரு மாணவர் என்ன செய்கிறார்? எதற்கும் இருக்கட்டும் என்று ஒரே இரவில் ஆயிரக்கணக்கான கட்டுரைகளை இறக்கிக்கொள்கிறார். பதிப்பாளரின் கம்ப்யூட்டர் இதைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது. யாரோ கொள்ளை அடிக்கிறார்கள் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிடும். அந்த மாணவருக்கு மட்டும் அல்ல, கல்லூரி முழுவதற்கும்! மறுநாள் காலையில் நூலகர் முன்னால் கூட்டம் கூடும். "சார், ஒன்றுமே திறக்கவில்லை!" அவர் பதிப்பாளருக்கு எழுதி, விளக்கம் சொல்லி, மறுபடி திறக்க வைக்க வேண்டும். ரகசியச் சொல்லைச் சினேகிதனுக்குக் கொடுப்பதிலும் இதே வம்பு இருக்கிறது.

இன்னொரு புதுத் தொல்லையும் வந்திருக்கிறது. கேட்டால் பதில் சொல்லும் கம்ப்யூட்டர்கள், சில சமயம் இல்லாத கட்டுரைக்கும் பெயர் சொல்லிவிடுகின்றன. மாணவர் அந்தப் பெயரை எழுதிக்கொண்டு வந்து நிற்பார். நூலகர் எங்கே போய்த் தேடுவார், பாவம்!

பார்த்து எழுதுகிறவர்களைப் பிடிக்கவும் வழி இருக்கிறது. ஆராய்ச்சிப் பட்டத்துக்கு எழுதுவதைக் கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்க்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் இதற்கு விதி செய்தது. பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை. 40 சதவீதம் வரை என்றால், 6 மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 60-க்கு மேல் போனால் பதிவே ரத்து!

சீர்காழிக்காரர் செய்த வேலை

நூலகர் வேலை என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். சீர்காழியில் பிறந்த ரங்கநாதனும் அப்படித்தான் நொந்துகொண்டார். கணக்கு ஆசிரியரான அவர் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். சில நாளிலேயே சலித்துவிட்டது. பழைய வேலைக்கே போகிறேன் என்றார். முதலில் லண்டன் போய் நூலகங்களைப் பார்த்து வா என்று அனுப்பினார்கள். போய் வந்தவர் 1944 வரை நாற்காலியை விடவில்லை! வாசகர்கள் தாங்களே அலமாரியில் புத்தகம் எடுக்க வழி செய்தார். 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று.

வேலிக்கு வெளியே

2024 நவம்பரில் மத்திய அரசாங்கம் ஒரு பெரிய திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. நாட்டுக்கே ஒரே சந்தா! 30 பதிப்பாளர்கள், சுமார் 13 ஆயிரம் பத்திரிகைகள். 2025 முதல் 3 வருஷத்துக்கு 6 ஆயிரம் கோடி ரூபாய். 6,300 நிறுவனங்களில் 1 கோடியே 80 லட்சம் பேர் படிக்கலாம் என்று சொன்னார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளுக்கு வருஷத்துக்குச் சுமார் 1,100 ரூபாய்தான். ஒற்றைக் கட்டுரையின் விலையில் பாதி கூட இல்லை!

ஆனால் திட்டத்தின் முதல் கட்டம் மத்திய, மாநில அரசாங்க நிறுவனங்களுக்கு மட்டும்தான். சேலத்தில் 1997-ல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகம் அரசாங்கத்தைச் சேர்ந்தது. நாமக்கல் கால்நடைக் கல்லூரியும் அப்படியே. ஆனால் ராசிபுரம், திருச்செங்கோடு, சங்ககிரி என்று எங்கே பார்த்தாலும் தனியார் கல்லூரி பஸ்கள் ஓடுகின்றனவே! அந்த பஸ்ஸில் போகும் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நிற்கிறார்கள். கல்லூரி தானாகச் சந்தா கட்டினால்தான் உண்டு. பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி என்பதற்காகக் கதவு திறக்காது. இவர்களை அடுத்த கட்டத்தில் சேர்ப்பது என்பது திட்டம். நெசவுத் தறியிலும் லாரிப் பட்டறையிலும் சம்பாதித்த பணத்தைக் கல்லூரியில் கட்டும் பெற்றோர், சேர்க்கும்போதே "நூலகத்தில் என்னென்ன சந்தா இருக்கிறது?" என்று கேட்கலாம். பஸ் வசதியை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

நம் பண்ணை வீட்டுப் பெண்ணும் தனியார் கல்லூரியில்தான் படிக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு வழியே இல்லையா? இருக்கிறது. "சோத்கங்கா" என்ற கம்ப்யூட்டர் களஞ்சியத்தில் நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் காசு இல்லாமல் படிக்கலாம். பூட்டே போடாத ஆராய்ச்சிப் பத்திரிகைகளும் ஆயிரக்கணக்கில் உண்டு. எங்கே தேடுவது என்று நூலகரைக் கேட்டால் சொல்லுவார்.

அதிலும் கிடைக்கவில்லையா? சுருக்கத்தோடு கட்டுரை எழுதியவரின் ஈமெயில் விலாசம் பெரும்பாலும் இருக்கும். "ஐயா, நான் நாமக்கல் மாணவி. உங்கள் கட்டுரையின் பிரதி ஒன்று வேண்டும்." இரண்டு வரி போதும். தம் கட்டுரையை யாரோ தேடிப் படிக்கிறார்களே என்ற சந்தோஷத்தில் பலர் உடனே அனுப்பிவிடுவார்கள். சிலர் பதிலே போடமாட்டார்கள். அதனால், திங்கட்கிழமை அசைன்மென்டுக்கு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எழுதிக் கேட்காதீர்கள்.