மனித உரிமைச் சட்டம் படிக்க வெளிநாடு போகும் முன்

எல்எல்எம் படிக்கிறவர்கள் ஒரு செமஸ்டரோ ஓராண்டோ வெளிநாட்டில் மனித உரிமைச் சட்டம் படித்துவிட்டு வருவது இப்போது அரிதில்லை. ஸ்வீடனின் லுண்ட், இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ், அயர்லாந்தின் கால்வே எல்லாம் இந்தத் துறைக்குப் பேர் போன பல்கலைக்கழகங்கள். ஆனால் வருகை மாணவராகப் போகிறவரின் நிலை வேறு, அங்கேயே சேர்ந்து பட்டம் வாங்குகிறவரின் நிலை வேறு. வருகை மாணவரின் பெயர் இங்குள்ள பதிவேட்டில் இருக்கும். வகுப்பும் தேர்வும் அங்கே நடக்கும். சிக்கல் என்று வந்தால் இரண்டு அலுவலகங்களும் மற்றதைக் கைகாட்டலாம்.

அப்படி அலைக்கழிக்கப்படாமல் இருக்க வேண்டுமானால், எந்தெந்தப் பாடம், எத்தனை கிரெடிட், அது இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடு என்பதைப் புறப்படும் முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தில் போகிறவர்களுக்கு இது கட்டாயம். மாணவர், அனுப்பும் பல்கலைக்கழகம், ஏற்கும் பல்கலைக்கழகம் மூவரும் ஒரு படிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவார்கள். அந்தத் திட்டத்தில் போகிறவரிடம் ஏற்கும் பல்கலைக்கழகம் படிப்புக் கட்டணமோ தேர்வுக் கட்டணமோ கேட்கக் கூடாது. மற்ற வழிகளில் போகிறவர்கள் இதே மாதிரியான தாளை வற்புறுத்திக் கேட்டு வாங்க வேண்டும். "பேராசிரியர் சரி என்று சொல்லிவிட்டார்" என்பது மதிப்பெண் பட்டியல் போடும் நாளில் செல்லாது. (அடுத்தவர் ஒப்பந்தத்தை வரிக்கு வரி படிக்கிற சட்ட மாணவர்கள் தங்களுடையதைப் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை.)

வெளிநாட்டிலேயே ஓராண்டு எல்எல்எம் முடித்துவிடலாம் என்று நினைக்கிறவர்களுக்கு வேறு எச்சரிக்கை உண்டு. இந்திய பார் கவுன்சிலின் 2020ஆம் ஆண்டு விதிகள் அத்தகைய ஓராண்டுப் பட்டத்தை இந்திய எல்எல்எம்முக்கு நேர் இணையாக ஏற்கவில்லை. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. வெளிநாட்டுப் பட்டங்களுக்கு இணைத்தன்மை வழங்க யுஜிசி 2025இல் கொண்டுவந்த விதிமுறைகளிலும் சட்டப் படிப்பு சேரவில்லை. நீதிமன்றத்தில் வாதாட எல்எல்பி போதும் என்பவருக்கு இது பெரிதில்லை. கல்லூரியில் கற்பிக்க விரும்புகிறவர் கட்டணம் கட்டும் முன் இதை விசாரித்துக்கொள்ள வேண்டும்.

உதவித்தொகை விதிகளிலும் கண்ணில் படாத நிபந்தனைகள் இருக்கும். பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகை பெறுகிறவர் படிப்பு முடிந்ததும் நாடு திரும்பி இரண்டாண்டு இருக்க வேண்டும். ஒடுக்கப்பட்ட சமூகத்தினருக்கான மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை, இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியா குறித்த சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்குக் கிடையாது என்று 2022ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் சொல்லின. சாதிக் கொடுமையைச் சர்வதேசச் சட்டத்தின் கண்ணால் ஆராயப் போகும் தலித் மாணவருக்கே இந்த நிபந்தனை தடங்கலாகும் என்பது விநோதம்தான். விண்ணப்பிக்கும் ஆண்டின் விதிகளைப் படித்த பிறகே ஆய்வுத் தலைப்பை முடிவு செய்வது நல்லது.

விசாவில் மனித உரிமை மாணவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட படிப்புக்குப் பிரிட்டனுக்குச் சாதாரண வருகையாளர் விசாவிலேயே போகலாம். அங்கே போனதும் ஏதாவது ஓர் உரிமை அமைப்பில் இன்டர்ன்ஷிப் செய்யத் தோன்றும். சம்பளம் இல்லையே, அது எப்படி வேலையாகும் என்று கேட்பார்கள். அந்த விசாவில் சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பும் கூடாது. பதிவு பெற்ற அறக்கட்டளையில் 30 நாள் வரை தன்னார்வத் தொண்டு செய்யலாம், அவ்வளவே. மீறினால் அடுத்த விசாவுக்கே அடி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016ஆம் ஆண்டு நெறிமுறை, மாணவர் வசிப்பு அனுமதி உள்ளவர் வாரத்துக்குக் குறைந்தது 15 மணி நேரம் வேலை செய்ய வழி விடுகிறது. விண்ணப்பத்தை மறுத்தால் எழுத்தில் காரணம் தர வேண்டும், அதை எதிர்த்து முறையிடவும் வழி இருக்க வேண்டும் என்கிறது. அயர்லாந்தும் டென்மார்க்கும் இந்த நெறிமுறைக்கு வெளியே நிற்கின்றன.

வாடகையைப் பற்றி இரண்டு வரி. அறையைப் பார்க்காமல் அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். இங்கிலாந்தில் தனியார் வீட்டு உரிமையாளர் பெரும்பாலும் ஐந்து வார வாடகைக்கு மேல் முன்பணம் கேட்க முடியாது. வாங்கிய பணத்தை 30 நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் போடவும் வேண்டும்.

பணத்தைவிட இந்தத் துறையில் பெரிய ஆபத்து பேச்சிலும் ஆய்விலும்தான் இருக்கிறது. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாக இருந்த துருக்கியர் ஒருவர், மாணவர் பத்திரிகையில் காஸா பற்றி மற்றவர்களோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதியிருந்தார். 2025 மார்ச்சில் அவரைத் தெருவில் மடக்கிக் கைது செய்தார்கள். நீதிமன்றம் தலையிட்டு மே மாதம் விடுவித்தது. பேச்சுரிமைக்குப் பேர் போன நாட்டிலும் விசாவில் இருப்பவரின் பேச்சுக்குக் குடிமகனின் பேச்சுக்கு உள்ள காப்பு நடைமுறையில் கிடைப்பதில்லை. அதற்காக எழுதாதே என்று யாரிடமும் சொல்ல மனம் வரவில்லை. குடிவரவு வழக்கறிஞர் ஒருவரின் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

கள ஆய்வில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். பிரிட்டனின் டர்ஹம் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் மேத்யூ ஹெட்ஜஸ் ஆய்வுக்காக ஐக்கிய அரபு அமீரகம் போய்த் திரும்பும்போது 2018 மே மாதம் துபாய் விமான நிலையத்தில் பிடிபட்டார். உளவு பார்த்ததாகச் சொல்லி நவம்பரில் ஆயுள் தண்டனை விதித்தார்கள். ஒரு வாரத்துக்குள் மன்னிப்புக் கிடைத்தது. அவருக்காகப் பேச ஓர் அரசு இருந்தது. நேர்காணல் தந்தவர்களுக்குப் பெரும்பாலும் அப்படி யாரும் இருப்பதில்லை. லண்டனிலோ டொரொண்டோவிலோ இலங்கைப் போரில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினரிடம் வாக்குமூலம் வாங்குகிறவர், அந்தக் குடும்பத்தின் மீதிப் பேர் வவுனியாவிலோ முல்லைத்தீவிலோ இருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது. உண்மைப் பெயர்ப் பட்டியலும் ஒலிப்பதிவும் ஒரே லேப்டாப்பில் இருக்க வேண்டாம். எல்லை தாண்டும்போது அந்தக் கோப்புகளைக் கையில் கொண்டுபோகவே வேண்டாம். பிரிட்டனில் 2000ஆம் ஆண்டு பயங்கரவாதச் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி, விமான நிலையத்தில் முன் சந்தேகம் இல்லாமலே ஒருவரை நிறுத்தி விசாரிக்கலாம், கருவிகளைத் திறந்து காட்டச் சொல்லலாம். மறுப்பது குற்றம். பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக் குழு இதையெல்லாம் கேட்கும்போது எரிச்சல்படுகிறவர்கள் உண்டு. அந்தக் குழுவின் ஒப்புதல்தான் பின்னால் ஏதாவது நேர்ந்தால் பல்கலைக்கழகத்தை உங்கள் பக்கம் நிற்க வைக்கும்.

வெளிநாட்டில் கைதானால் 1963ஆம் ஆண்டின் வியன்னா தூதரக உறவுகள் ஒப்பந்தத்தின் 36ஆவது பிரிவைச் சொல்லித் தூதரகத்துக்குத் தகவல் தரும்படி கேட்கலாம். பாகிஸ்தானில் கைதான இந்தியர் குல்பூஷண் ஜாதவின் வழக்கில் அந்த நாடு இதை மீறியது என்று சர்வதேச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. ஆனால் சொந்த நாட்டில் பிடித்தால் இந்தப் பிரிவு உதவாது. இத்தாலியின் பொலோனியாவில் முதுகலை படித்த எகிப்தியர் பேட்ரிக் ஸாக்கி 2020 பிப்ரவரியில் ஊருக்குப் போனபோது கெய்ரோ விமான நிலையத்தில் பிடிபட்டு 22 மாதம் சிறையில் கிடந்தார். 2023 ஜூலையில் மூன்றாண்டுத் தண்டனையும் மறுநாளே மன்னிப்பும் வந்தன. பொலோனியா பல்கலைக்கழகமும் அந்த நகரமும் அவர் பெயரை மறக்கவிடாமல் குரல் கொடுத்துக்கொண்டே இருந்தன. இத்தாலிய செனட் அவருக்குக் குடியுரிமை தரக் கோரி வாக்களித்தது. ஆகவே ஊருக்கு வரும் தேதியை வெளிநாட்டு வழிகாட்டிப் பேராசிரியருக்குத் தெரிவித்துவிட்டு வருவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இந்தியர்கள் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற இணையதளத்தில் தங்கள் விவரத்தைப் பதிவு செய்யலாம், புகாரும் தரலாம். ஏற்கும் பல்கலைக்கழகத்தோடு தகராறு என்றால் முதலில் அதன் உள் முறையீட்டை முடிக்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும், அது முடிந்ததாகப் பல்கலைக்கழகம் தரும் கடிதத்தின் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் உயர்கல்விக்கான சுதந்திரத் தீர்ப்பாளர் அலுவலகத்துக்குப் போகலாம். அங்கே மாணவருக்குக் கட்டணம் கிடையாது. ஆஸ்திரியாவில் உயர்கல்வி அமைச்சகத்திலேயே மாணவர் குறைதீர்ப்பு அலுவலகம் இருக்கிறது. எங்கே போனாலும் முதலில் கேட்பது அந்தப் படிப்பு ஒப்பந்தத்தையும் மின்னஞ்சல்களையும்தான். பல்கலைக்கழக மின்னஞ்சல் கணக்கு செமஸ்டர் முடிந்து சில மாதங்களில் மூடப்படலாம். அதற்குள் எல்லாவற்றையும் சொந்தக் கணக்குக்கு இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.