ஊருக்குப் போக ரேஞ்ச் முக்கியமா, சார்ஜிங் வேகம் முக்கியமா?

போன ஆடிப்பூரத்துக்கு சென்னையில இருந்து எங்க ஊர் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஃப்ரெண்டோட எலெக்ட்ரிக் கார்ல கிளம்பினேன். இந்த வருஷமாவது ஆண்டாள் தேர்ல வடம் பிடிச்சிடணும்னு ஆசை. பெரம்பலூர் பக்கம் ஒரு சார்ஜர்ல முக்கால் மணி நேரம் கியூ. ஒருவழியா என் முறை வந்துச்சு. போர்டுல 60 கிலோவாட்னு போட்டிருந்தாங்க, 40 நிமிஷத்துல கிளம்பிடலாம்னு டீ சொன்னேன். பக்கத்து கன்ல இன்னொரு கார் வந்து மாட்டுச்சு. அவ்வளவுதான், என் ஸ்க்ரீன்ல 60 பாதியா இறங்கி 30 ஆயிடுச்சு. நான் ஊர் போய்ச் சேர்றப்போ தேர் நிலைக்கு வந்தாச்சு.

இப்போ அப்பா கார் வாங்கப் போறார். போன்ல கேட்டார்: "ஏப்பா, 489 கிலோமீட்டர்னு போட்டிருக்கான். சென்னை 535தானே? வழியில ஒரு தடவை லேசா நின்னா போதும்ல?" இந்த எபிசோட் அவருக்கான பதில்தான்.

489 எங்கிருந்து வருது?

அப்பா சொன்னது டாடா நெக்ஸான் இவி, 45 யூனிட் பேட்டரி. கிலோவாட் ஹவர்னு போட்டிருப்பாங்க, பயப்படாதீங்க, நம்ம ஈபி பில்லுல வர்ற அதே யூனிட்தான். 489-ங்கிறது லேப்ல உருளைமேல காரை ஓட்டி எடுத்த நம்பர். அந்த டெஸ்ட்ல வேகம் 90-ஐத் தாண்டாது, ஏசியும் ஓடாது. நிஜ ரோட்டுல 350-லிருந்து 370 வரை வரும்னு டாடாவே சொல்லுது.

ஹைவேயில அதுவும் குறையும். காத்து எதிர்க்கிற விசை வேகத்தோட வர்க்கத்துல ஏறும். 80-ல இருந்து 100-க்குப் போனா வேகம் கால் பங்குதான் கூடுது, காத்தோட எதிர்ப்பு 56 சதவீதம் கூடுது. அதனால கம்பெனி சொல்ற நிஜ ரோடு நம்பர்லயே ஏழுல ஒரு பங்கு கழிச்சுக்கறது என் பழக்கம். நெக்ஸானுக்கு 300 கிலோமீட்டர்னு வச்சுக்கறேன்.

தொட்டி ஒண்ணு, குழாய் ரெண்டு

பேட்டரியை மாடித் தண்ணித் தொட்டினு நினைச்சுக்கோங்க. தொட்டி எவ்வளவு பெருசுங்கிறது ரேஞ்ச். குழாய் எவ்வளவு அகலம்ங்கிறது கிலோவாட். ஆனா இங்க குழாய் ரெண்டு: காருக்குள்ள ஒண்ணு, சார்ஜர்ல ஒண்ணு. எது குறுகலோ அதுதான் உங்க வேகம். பாதிப் பேர் இந்த இடத்துலதான் ஏமாறுறாங்க.

இன்னொண்ணு, 80 சதவீதத்துக்கு மேல பேட்டரியே வேகத்தைக் குறைச்சுடும். செல்லோட வோல்டேஜ் உச்சத்தை நெருங்கிடும், அதுக்கு மேல அதே கரன்ட்டைத் தள்ளினா செல் பாழாகும். அதனாலதான் எல்லா கம்பெனியும் "10-லிருந்து 80" இல்ல "20-லிருந்து 80"னு விளம்பரம் பண்றாங்க. நீங்களும் 80-ல கழட்டிட்டுக் கிளம்பிடுங்க. பின்னாடி நிக்கிறவருக்கும் புண்ணியம்.

நிமிஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர்?

ரேஞ்சையும் வேகத்தையும் தனித்தனியா பார்க்காம ஒரே நம்பரா மாத்திடலாம்: ஒரு நிமிஷம் சார்ஜ் போட்டா எத்தனை கிலோமீட்டர் கிடைக்கும்?

நெக்ஸான், 60 கிலோவாட் சார்ஜர்ல 10-லிருந்து 80 சதவீதம் போக 40 நிமிஷம். 300-ல 70 சதவீதம் 210 கிலோமீட்டர். அதாவது நிமிஷத்துக்கு அஞ்சு கிலோமீட்டர் சொச்சம்.

அடுத்து 2024 நவம்பர்ல சென்னையில அறிமுகமான மஹிந்திரா பிஇ 6. அதோட பெரிய பேட்டரி 79 யூனிட். டெஸ்ட் ரேஞ்ச் 680-ஐத் தாண்டுது. நிஜ ரோட்டுல 500-னு சொல்றாங்க, என் கணக்குல ஹைவேக்கு 430. 175 கிலோவாட் சார்ஜர் கிடைச்சா 20-லிருந்து 80 சதவீதத்துக்கு 20 நிமிஷம். நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட 13 கிலோமீட்டர். சூப்பர்ல?

அதே காரை நான் நின்ன 60 கிலோவாட் சார்ஜர்ல மாட்டுங்க. 47 யூனிட் ஏறணும், குறைஞ்சது 47 நிமிஷம். நிமிஷத்துக்கு அஞ்சரை கிலோமீட்டர்! நெக்ஸான் பக்கத்துலயே வந்து நிக்குது. பக்கத்து கன்ல ஆள் வந்துட்டா அதுலயும் பாதி. வேகத்துக்காக நீங்க கொடுத்த கூடுதல் காசு, உங்க வழியில அந்த வேகத்துல சார்ஜர் இருந்தாத்தான் வேலை செய்யும்.

பெரிய பேட்டரிக்கு வேற ஒரு லாபம் இருக்கு, நிறுத்தம் குறையும். சென்னையில ஃபுல்லா கிளம்பினா நெக்ஸான் 270 கிலோமீட்டர்ல, பெரம்பலூர் பக்கம் 10 சதவீதத்துக்கு வந்துடும். அங்க 80 வரை போட்டா மதுரை தாண்டுறதுக்குள்ள திரும்ப 10. அதனால மதுரையில இன்னொரு 15, 20 நிமிஷம். பிஇ 6 திருச்சி மாதிரி ஏதோ ஒரு இடத்துல ஒரே தடவை நின்னா போதும். அந்த ஒரு இடத்தை நாமளே தேர்ந்தெடுக்கலாம்ங்கிறதுதான் பெரிய விஷயம்.

அப்போ அப்பாவுக்கு?

அவர் நிஜமா எங்க போறார்னு கேட்டேன். ராஜபாளையம், தினமும் போக வர 25 கிலோமீட்டர். மாசம் ஒரு தடவை அம்மாவை மதுரை ஆஸ்பத்திரிக்கு செக்கப் கூட்டிட்டுப் போகணும், போக வர 150. வீட்டுல 15 ஆம்ப் பிளக்ல மணிக்கு சுமார் 3 யூனிட் ஏறும். ராத்திரி 9 மணிக்கு மாட்டினா காலையில 7 மணிக்குள்ள 30 யூனிட், 200 கிலோமீட்டர். அவருக்கு 489-ம் வேண்டாம், 175 கிலோவாட்டும் வேண்டாம். கார் நிறுத்துற இடத்துல நல்ல வயரிங்கும் எர்த்தும் வேணும். முதல்ல எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கப்பானு சொல்லிட்டேன்.

"அப்போ சென்னைக்கு?"னு விடாம கேட்டார். "வருஷத்துக்கு ரெண்டு தடவைதானே, பொதிகையில வாங்கப்பா"ன்னேன். சிரிச்சுட்டார்.

நீங்க வாங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுங்க. உங்க ஊர் வழியை மேப்ல போட்டு, நீங்க நிக்கப்போற ரெண்டு சார்ஜரைக் குறிச்சுக்கோங்க. எத்தனை கிலோவாட், எத்தனை கன், ரெண்டு கார் மாட்டினா பிரியுமானு பாருங்க. முடிஞ்சா ஒரு தடவை நேர்லயே இறங்கிப் பார்த்துடுங்க. அப்புறம் ஷோரூம் போங்க.

இந்த ஆடிப்பூரத்துக்கு நான் முந்தின நாளே கிளம்புறேன். அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்!