ஐந்து அட்டைகள், மூன்று தேர்தல்கள்

"1921இல் சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது." இந்த வரியைப் பல ஆண்டுகள் வாசித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போயிருக்கிறேன். சென்ற ஆண்டு பத்தாம் வகுப்பில் ஒரு மாணவி நிறுத்தினாள்: "டீச்சர், அப்போ எங்க பூட்டியும் ஓட்டுப் போட்டிருப்பாங்களா? அவங்க கல்லிடைக்குறிச்சி வயல்ல நாத்து நட்டவங்க."

இல்லை என்பதே விடை. ஏன் இல்லை என்று விளக்க ஐந்து அட்டைகள் தயாரித்தேன். தன் பெயரில் பட்டா வைத்து, போதிய நிலவரி கட்டும் விதவை. அதே அளவு நிலம் உள்ளவரின் மனைவி. சொத்தில்லாத, ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்த பெண். எழுத்தறியாத நாற்று நடும் பெண். பத்தமடையில் பாய் நெய்யும் எழுத்தறியாத பெண். மனைவிக்கும் தன் பெயரில் சொத்தில்லை. குலுக்கல் முறையில் ஐந்து பேர் எடுத்தார்கள்.

முதலில் பின்னணி சொன்னேன். 1917இல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியது. அவ்வாண்டு டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு மாண்டேகுவைச் சந்தித்து வாக்குரிமை கேட்டது. 1919ஆம் ஆண்டுச் சட்டம் முடிவை மாகாணங்களிடம் விட்டது. முதலில் தடையை நீக்கியது சென்னை. அப்போது பிரிட்டனிலேயே பெண்கள் 30 வயதுக்குக் காத்திருந்தனர். ஆண்களுக்குச் சமமான உரிமை அங்கே 1928இல்தான் வந்தது. 1927இல் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்றத்தின் துணைத்தலைவரானார்.

"1923 தேர்தல். வாக்கு உள்ளவர்கள் எழுந்திருங்கள்" என்றேன். விதவை மட்டும் எழுந்தார். பெண் என்ற தடை போயிற்று. சொத்து, வரி என்ற தடை அப்படியே இருந்தது.

"1937 தேர்தல்." 1935ஆம் ஆண்டுச் சட்டப்படி மனைவியும் படித்த பெண்ணும் சேர்ந்து எழுந்தார்கள். உடனே பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அவங்களுக்கு வீட்டுக்காரர் சொத்தால ஓட்டு. இவங்களுக்குச் சொந்தப் படிப்பால. ரெண்டும் ஒண்ணா டீச்சர்?" அன்றைய பாடத்தின் உயிர் அந்தக் கேள்விதான். ஒருத்தியின் உரிமை கணவர் வழியாக வந்தது. மற்றவளுடையது அவள் கற்ற எழுத்தால் வந்தது.

அந்த எழுத்தை யார் கற்பித்தார்கள்? தாமிரபரணிக்கு இக்கரையில், பாளையங்கோட்டையில், சாராள் தக்கர் பெயரிலான நிறுவனம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆசிரியைகளைப் பயிற்றுவித்தது. 1895இல் அங்கே கல்லூரியும் தொடங்கியது. இப்படிப் பயிற்சி பெற்ற ஆசிரியைகள் சிற்றூர்ப் பள்ளிகளில் 'அ' எழுத வைத்தபோது, அது ஒருநாள் வாக்குச்சீட்டாகும் என்று எண்ணியிருக்க மாட்டார்கள்.

நாற்று நடுபவரும் பாய் நெய்பவரும் இன்னும் உட்கார்ந்தே இருந்தார்கள். "1952" என்றேன். அரசமைப்புச் சட்டம் சொத்தும் கேட்கவில்லை, படிப்பும் கேட்கவில்லை; வயது மட்டும் போதும். ஐவரும் எழுந்தார்கள். கேள்வி கேட்ட மாணவி மெல்லச் சொன்னாள்: "எங்க பூட்டி இதுலதான் போட்டிருப்பாங்க."

ஒரு பாடவேளை போதும். செலவு ஐந்து அட்டைகள்தான். அட்டைகளைக் குலுக்கித்தான் கொடுங்கள். பிள்ளைகளின் குடும்ப நிலையைப் பார்த்துக் கொடுத்தால் யார் மனமாவது நோகும். இறுதியில், யார் எப்போது எழுந்தார்கள், ஏன் என்று அவர்களையே எழுதச் சொல்லுங்கள். ஆண்டுகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உட்கார்ந்திருந்தவர்கள் நினைவில் நிற்பார்கள்.