ஒரு போயா எத்தனை கிராம்?

கொல்கத்தா சந்தையில் மீன் வாங்கப் போகிறீர்கள். "எத்தனை போயா?" என்று கடைக்காரர் கேட்கிறார். போயா என்றால் என்ன?

போயா என்பது கால் சேர். நம் ஊர்ப் படி, உழக்கு போலப் பாத்திரத்தில் அளப்பது அல்ல. தராசில் நிறுப்பது. 4 போயா ஒரு சேர். 40 சேர் ஒரு மணங்கு.

வங்காளத்து மணங்கு 37 கிலோவுக்குச் சற்று அதிகம். சென்னை மணங்கோ 11 கிலோ சொச்சம்தான்! பெயர் ஒன்று, எடை வேறு. வியாபாரிக்குக் கொண்டாட்டம். வாங்குபவருக்குத் திண்டாட்டம்.

இந்தக் குழப்பம் தீர 1958 அக்டோபர் 1-இல் கிலோ எடை வந்தது. 1962 ஏப்ரலில் நாடு முழுவதும் கட்டாயம் ஆனது. பழைய எடை போய்விட்டது. பெயர் மட்டும் போகவில்லை.

பழைய சேர் 933 கிராம். ஒரு கிலோவை விட 67 கிராம் குறைவு. பழைய போயா 233 கிராம். இன்று போயா என்றால் கால் கிலோ, அதாவது 250 கிராம். கடைக்காரர் 200 கிராம் கல்லைப் போட்டு, "இதுதான் போயா" என்றால்? கல்லில் உள்ள எண்ணைப் படியுங்கள். நமக்குத்தான் இப்போது படிக்கத் தெரியுமே! கல்லில் அரசு முத்திரையும் இருக்க வேண்டும். எடுத்துக் காட்டச் சொல்லலாம்.

மின் தராசில் கல் இருக்காது. அதில் 0.250 என்று வந்தால் ஒரு போயா சரி.