மாமாவின் உருமியும் ஒரு குமிழும்

பிறையில் அடுக்குமாடி வீடுகளில் இருப்பவர்களுக்கு இது பழகிப்போன ஒன்று. பக்கத்து வீட்டில் பிறந்தநாள் விருந்து நடக்கும், பாட்டு ஓடும். சுவர் வழியாக நமக்குக் கேட்பது 'தும்... தும்...' மட்டும்தான். பாடுவது ஆணா, பெண்ணா என்றுகூடத் தெரியாது. யாராவது கதவைத் திறந்தால் குரல், சலங்கை, கைத்தட்டல் எல்லாம் சட்டென்று வந்துவிடும். கதவை மூடினால் மறுபடியும் 'தும்'.

தாழ்ந்த ஒலியை விட்டுவிட்டு உயர்ந்த ஒலியைத் தடுக்கும் இந்த வேலைக்கு இசை மென்பொருளில் 'லோ-பாஸ் ஃபில்டர்' என்று பெயர். அதை எனக்குச் சரியாகப் புரியவைத்தவர் என் தாய்மாமா. அவருக்குக் கணினியைத் திறக்கக்கூடத் தெரியாது.

மாமா பல ஆண்டுகள் தைப்பூசத்தில் உருமி வாசித்தவர். தண்ணீர்மலை வரை காவடிகளுக்கு முன்னால் நடந்தே போவார். தோள்பட்டை வலி வந்தபிறகு மேளத்தைத் தூக்க முடியவில்லை. அவர் வாசித்ததை யாரும் ஒழுங்காகப் பதிவு செய்து வைக்கவும் இல்லை. இருக்கும் கைப்பேசிக் காணொளிகளில் கூட்டத்தின் சத்தம்தான் அதிகம்.

"அந்த உறுமல் மட்டும் உன் கம்ப்யூட்டர்ல வருமா மாப்ள?" என்று ஒருநாள் கேட்டார்.

என் மடிக்கணினியில் 'வைட்டல்' என்ற மென்பொருள் சிந்தசைசர் இருந்தது. அதன் அடிப்படைப் பதிப்பு இலவசம். 'சர்ஜ் எக்ஸ்டி' என்ற இன்னொன்று முழுவதுமே இலவசம். இரண்டிலும் பெரும்பாலும் கழித்தல் கணக்குதான். முதலில் 'சா டூத்' எனப்படும் ரம்பப்பல் அலையை எடுத்துக்கொள்கிறோம். அதில் 110 ஹெர்ட்ஸ் சுரம் ஒன்றை அழுத்தினால், கூடவே 220, 330, 440 என்று மேல்சுரங்கள் வரிசையாக ஒலிக்கும். கேட்க வண்டு இரைவதுபோல் இருக்கும். அதில் வேண்டாததை ஃபில்டரால் குறைக்கிறோம்.

இதற்கு இரண்டு குமிழ்கள் முக்கியம். 'கட்-ஆஃப்' என்பது எந்த இடத்துக்கு மேல் தடுக்க வேண்டும் என்று சொல்வது. 500 ஹெர்ட்ஸில் வைத்தால் அதற்கு மேலுள்ள ஒலிகள் போகப்போக மங்கும். 'ரெசொனன்ஸ்' அந்த எல்லைக்கோட்டை ஒட்டியுள்ள ஒலியைத் தூக்கிக் காட்டும். அதிகமாக ஏற்றினால் விசில்போலக் கத்தும். அதனால் ஹெட்ஃபோனில் கேட்கும்போது ஒலியளவைக் குறைத்துக்கொண்டு இதைத் திருப்புங்கள்.

இது ஏதோ புதிய தந்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவின் ராபர்ட் மோக் தன் புகழ்பெற்ற 'ஏணி' ஃபில்டருக்கு 1969இல் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மோக் சிந்தசைசர் வந்து இறங்கியது. 1982இல் மும்பைக் கலைஞர் சரண்ஜித் சிங், ரோலண்ட் டிபி-303 என்ற சிறு கருவியை வைத்துப் பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். ஃபில்டர் திறந்து மூடும் அந்த நெளிவை அதில் தெளிவாகக் கேட்கலாம். அன்று அவ்வளவாக விற்காத அந்த இசைத்தட்டு, 2010இல் மறுபடியும் வெளியாகி உலகம் முழுக்கப் பேசப்பட்டது.

எனக்கு உருமிதான் பிடிபடவில்லை. தாழ்ந்த சுரம் போட்டேன், இரைச்சல் கலந்தேன். மாமா உதட்டைப் பிதுக்கினார். "இது லாரி எஞ்சின் மாதிரி இருக்கு" என்றார்.

பிறகு அவரே வாயால் செய்து காட்டினார். "வாய மூடிக்கிட்டுதான் ஆரம்பிக்கணும். குச்சி தோல்ல தேயத்தேயத் தொறக்கணும். உடனே மூடிடணும்." நீங்களும் ஒரே சுரத்தில் 'உ' என்று தொடங்கி 'ஆ' வரை மெல்லப் போய்ப் பாருங்கள். தொண்டையில் சுரம் மாறாது, வாயின் வடிவம் மட்டும் மாறும். நம் வாயே ஒரு ஃபில்டர்தான்.

அவர் சொன்னதை அப்படியே போட்டேன். கட்-ஆஃபை 150 ஹெர்ட்ஸில் தொடங்கினேன். 'என்வலப்' என்ற வசதியால் அது கால் விநாடியில் 900 வரை ஏறி, உடனே இறங்கும்படி வைத்தேன். ரெசொனன்ஸ் பாதி அளவு. சுரமும் கூடவே கொஞ்சம் மேலேறி இறங்கியது. தோல் உரசும் ஒலிக்குச் சிறிது இரைச்சல்.

மாமா எதுவும் பேசாமல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். குமிழைப் பிடிக்க எப்படி என்று கேட்டார். மவுஸைக் கையில் கொடுத்தேன். தோலில் குச்சியைத் தேய்க்கும் அதே அசைவில் அதை முன்னும் பின்னும் இழுத்தார். நான் போட்ட கணக்கைவிட அது நன்றாகவே உறுமியது.

"உருமி இல்ல மாப்ள இது" என்றார் கடைசியில். "ஆனா அதுக்குச் சொந்தக்காரன்."

இப்போது சனிக்கிழமை மாலைகளில் வருகிறார். எந்த அடி எந்த இடத்தில் விழ வேண்டும் என்று சொல்லச்சொல்ல நான் பதிவு செய்கிறேன். உங்கள் வீட்டிலும் மேளமோ நாதஸ்வரமோ வாசித்த பெரியவர் இருந்தால், அவர் கை ஓடும்போதே நல்ல மைக் வைத்துப் பதிந்துவிடுங்கள். சிந்தசைசர் எத்தனை மாதம் கழித்தும் கிடைக்கும். தப்பு எங்கே என்று சொல்ல அந்தக் காது வேண்டும்.