‘லைஃப்டைம்’ என்றால் யாருடைய லைஃப்? இசை சாஃப்ட்வேர் வாங்கும்முன் ஒரு கணக்கு!

நாஞ்சில் நாட்டில் கோயில் கொடைக்குப் பாடப் போகும் வில்லுப்பாட்டுக் குழுவின் மொத்த முதலீட்டையும் ஒரு வேனில் ஓரமாக அடுக்கிவிடலாம். வில், குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை. உடுக்கையின் தோல் போனால் மாற்ற வேண்டும், குடம் உடைந்தால் புதிது வாங்க வேண்டும். செலவு அவ்வளவுதான். வில் செய்து கொடுத்தவருக்கு மாதாமாதம் பணம் கட்டிய புலவர் யாரும் இல்லை. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் இசைத்தூண்கள் இன்னும் ஒரு படி மேல். செதுக்கிய நாளிலிருந்து ஒரு ‘அப்டேட்’கூடக் கேட்டதில்லை!

இன்று அதே மாவட்டத்தில் பாட்டு வேறு மாதிரியும் பிறக்கிறது. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் வீட்டு மாடி அறையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக், ஒரு குட்டி கீபோர்டு. கிறிஸ்தவ பக்திப் பாடல், அம்மன் பாடல், கல்யாண வீடியோவுக்குப் பின்னணி இசை, பள்ளி ஆண்டு விழாவுக்கு டிராக் என எல்லாம் அங்கேயே தயாராகிவிடுகிறது. அந்த அறை வீட்டில் உருவாவதற்கு முன்பு ஒரு பேச்சுவார்த்தை நடக்கும். “அப்பா, ஒரு சாஃப்ட்வேர் வாங்கணும்” என்று பையனோ பெண்ணோ வந்து நிற்பார்கள். “மாசாமாசம் கட்டணுமா மக்களே, இல்ல ஒரே தடவையா?” என்று அப்பா கேட்பார். கேள்வி சின்னது. பதில் அப்படியல்ல.

வயல் விஷயமாக இருந்தால் நம் பெரியவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. கிரையமா, பாட்டமா? கிரையம் என்றால் நமது. பாட்டம் என்றால் வருஷம் முடிந்ததும் வரப்பைவிட்டு இறங்க வேண்டும். சாஃப்ட்வேரில் சிக்கல் என்னவென்றால், கிரையம் என்று நாம் நினைப்பதும் முழுக் கிரையம் இல்லை. நாம் வாங்குவது பயன்படுத்தும் உரிமையைத்தான். நிலம், எழுதிக்கொடுத்தவர் போன பின்னும் நிலமாகவே இருக்கும். சாஃப்ட்வேர், செய்த நிறுவனம் இருந்தால்தான் நடமாடும்.

நல்ல கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பெல்ஜியத்தைச் சேர்ந்த இமேஜ்-லைன் நிறுவனத்தின் ‘எஃப்.எல். ஸ்டூடியோ’ நம் பையன்கள் வட்டாரத்தில் மிகப் பிரபலம். 2003 வரை அதன் பெயர் ‘ஃப்ரூட்டிலூப்ஸ்’. காலைச் சிற்றுண்டிப் பெட்டி மாதிரி இருக்கிறதே என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள். ஒருமுறை வாங்கினால் அடுத்தடுத்த பதிப்புகள் எல்லாம் இலவசம் என்பது இவர்கள் கொடுத்த வாக்கு. இருபது வருடங்களுக்கு மேலாக அதைக் காப்பாற்றியும் வருகிறார்கள். ஆனாலும் 2023-ல் இவர்களும் ‘எஃப்.எல். கிளவுட்’ என்ற பெயரில் ஒரு சந்தாவை ஆரம்பித்தார்கள். மெயின் சாஃப்ட்வேர் ஆயுளுக்கும் உங்களுடையது, கூடுதல் ஒலிகள் வேண்டுமென்றால் மாதக் கட்டணம். ஒருமுறை வரும் பணத்தை மட்டும் வைத்து ஒரு கம்பெனி எத்தனை காலம் என்ஜினீயர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் என்று யோசித்தால், இதில் ஆச்சரியம் இல்லை.

இப்போது மற்ற கதை. அமெரிக்காவில் 1987-ல் பிறந்தது ‘கேக்வாக்’. அதன் ‘சோனார்’ மென்பொருள் உலகம் முழுக்க வீட்டு ஸ்டூடியோக்களில் ஓடியது. 2016-ல் சோனாரின் உயர்ந்த பதிப்பான ‘பிளாட்டினம்’ வாங்குபவர்களுக்கு ஆயுள் முழுக்க அப்டேட் இலவசம் என்று அறிவித்தார்கள். நம்பிப் பணம் கட்டியவர்கள் பலர். 2017 நவம்பரில், கேக்வாக்கைக் கையில் வைத்திருந்த கிப்சன் நிறுவனம் (ஆமாம், கிடார் செய்யும் அதே கிப்சன்தான்) இனி இந்த சாஃப்ட்வேரை வளர்க்கப் போவதில்லை என்று கையை விரித்துவிட்டது. ‘ஆயுள்’ ஒன்றரை வருடம்கூட ஓடவில்லை.

2018-ல் சிங்கப்பூரின் பேண்ட்லேப் நிறுவனம் கேக்வாக்கின் சொத்துகளை வாங்கி, அதே சாஃப்ட்வேரை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தது. பணம் கட்டியவருக்கும் கட்டாதவருக்கும் ஒரே விலை: பூஜ்யம்! காசு கொடுத்தவர்களின் வயிறு எப்படி எரிந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆக, ‘லைஃப்டைம்’ என்பதில் இருக்கும் லைஃப் உங்களுடையது அல்ல. அந்தக் கம்பெனியுடையது. அல்லது உங்கள் கம்ப்யூட்டருடையது. 2019 அக்டோபரில் ஆப்பிள் வெளியிட்ட ‘கேட்டலினா’ பதிப்பு, பழைய 32 பிட் மென்பொருள்களை ஓடவிடாமல் நிறுத்தியது. சிஸ்டத்தை அப்டேட் செய்த மறுநாள், முழு விலை கொடுத்து வாங்கிய பிளக்-இன்கள் திறக்காமல் விழித்தவர்கள் ஏராளம். கம்பெனியும் உயிரோடு இருந்தது, ரசீதும் கையில் இருந்தது. பாட்டுதான் திறக்கவில்லை.

அப்படியானால் சந்தாவே மேல் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். ஒலிப்பதிவுக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த ‘வேவ்ஸ்’ நிறுவனம் 2023 மார்ச்சில், இனி தனித்தனியாக விற்பனை இல்லை, சந்தா மட்டும்தான் என்று திடீரென அறிவித்தது. உலகம் முழுவதும் இசைக்காரர்கள் கொதித்தார்கள். ஒரு வாரம் ஆவதற்குள் நிறுவனம் மன்னிப்பு கேட்டு, பழையபடி ஒருமுறை விலையையும் கொண்டுவந்தது. சந்தாவில் விலையையும் விதியையும் மாற்றும் அதிகாரம் எப்போதும் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் அவர்களின் கோபம். நியாயமான கோபம்.

சரி, கணக்குக்கு வருவோம். ஆப்பிளின் ‘லாஜிக் ப்ரோ’ மேக் கம்ப்யூட்டருக்கு ஒரே விலை, 199.99 டாலர். 2013-ல் வாங்கியவருக்கு 2024-ல் வந்த 11-ம் பதிப்பும் இலவசமாகவே கிடைத்தது. அதே லாஜிக், ஐபேடுக்கு 2023-ல் வந்தபோது சந்தாவாக வந்தது. அப்போது மாதம் 4.99 டாலர், வருடத்துக்கு 49. அந்தக் கணக்கில் நாலு வருட சந்தா 196 டாலர். கருவி வேறு என்பதால் இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது. ஆனால் ஒரே வீட்டுச் சரக்குக்கு அந்த வீடே போட்டிருக்கும் தராசு இது: நாலு வருடத்துக்கு மேல் பயன்படுத்துவீர்கள் என்றால் ஒருமுறை விலை லாபம், அதற்குள் ஆசை தீர்ந்துவிடும் என்றால் சந்தா லாபம். டாலர் விலையைப் பார்த்ததும் மனக்கணக்கு போட்டுவிடாதீர்கள். 18 சதவிகித ஜி.எஸ்.டி., வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம் எல்லாம் மேலே ஏறும்.

இரண்டுக்கும் நடுவே தவணை வழியும் உண்டு. ‘சீரம்’ என்ற சிந்தசைசர் மென்பொருளின் முதல் பதிப்பு 189 டாலருக்கு விற்றது. ‘ஸ்ப்ளைஸ்’ தளத்தில் மாதம் 9.99 வீதம் கட்டினால் 19 மாதத்தில் அது சொந்தமானது. நடுவில் பணம் இல்லையென்றால் நிறுத்திவைக்க முடிந்தது, கட்டியது வீணாகவில்லை. 2025-ல் ‘சீரம் 2’ வந்தபோது, ஏற்கெனவே சீரம் வைத்திருந்தவர்களுக்கு அதை இலவசமாகவே கொடுத்தார்கள்.

எனக்குப் பிடித்தது ‘ரீப்பர்’. தனிநபருக்கும் சின்ன வருமானக்காரருக்கும் 60 டாலர். ‘ஆயுள்’ என்று வாய்ப்பந்தல் போடுவதில்லை. 7-ம் பதிப்பை வாங்கினால் 8.99 வரை செல்லும் என்று எண் போட்டே சொல்லிவிடுகிறார்கள். அதற்கு முன் 60 நாள் ஓட்டிப் பார்க்கலாம்.

குமரி மாவட்டக் கலைஞருக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. இங்கே இசை வருமானம் மாதச் சம்பளம் மாதிரி வருவதில்லை. கோட்டாறு சவேரியார் திருவிழா, அதையொட்டிக் கிறிஸ்துமஸ் கேரல் பதிவுகள், பிறகு கொடைகள், முகூர்த்த மாதங்கள் என்று அலை அலையாக வரும். ஜூன், ஜூலைச் சாரலில் மைக் முன்னால் ஆளே உட்காராத வாரங்கள் உண்டு. சந்தாவுக்குச் சாரல் தெரியாது. அதே தேதியில் பணத்தை எடுத்துக்கொள்ளும். அதனால், தினமும் தொடும் மெயின் சாஃப்ட்வேரை ஒருமுறை விலையில் வாங்கிவிடுவதும், ஒரு குறிப்பிட்ட வேலைக்குத் தேவைப்படும் விலையுயர்ந்த பிளக்-இன்னை அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் சந்தாவில் எடுத்து, அதை அந்த வேலையின் கூலியில் சேர்த்துக் கேட்பதும்தான் சரி என்பது என் கட்சி. ‘மாதாமாதம் கட்டும் வருடத் திட்டம்’ என்று இருந்தால் உஷார். பல இடங்களில் நடுவில் இறங்கவிட மாட்டார்கள்.

கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு இரண்டுமே வேண்டாம். ஐபோனில் ‘கராஜ்பேண்ட்’, எந்த போனிலும் ‘பேண்ட்லேப்’ இலவசம். ஆறு மாதம் அதில் தாக்குப்பிடித்தால் பர்ஸைத் திறக்கலாம். ‘கிராக்’ பண்ணிய சாஃப்ட்வேரில் ஆரம்பிப்பவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல முடியாது. வைரஸ் உள்ளே வந்து பாதி முடிந்த ஆல்பத்தைத் தின்றால் புகார் சொல்ல இடம் இருக்காது.

பணம் கட்டும் இடத்திலும் ஒரு கவனம் வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டிலிருந்து தானாக எடுக்கும் சந்தாவுக்கு 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வரவேண்டும். அந்த எஸ்.எம்.எஸ்ஸை விளம்பரம் என்று தள்ளிவிடாதீர்கள். யு.பி.ஐ. ஆட்டோபே என்றால் உங்கள் செயலியிலேயே பட்டியலைத் திறந்து ரத்து செய்யலாம். போனிலிருந்து ஆப்பை அழித்தால் மட்டும் சந்தா நிற்காது.

கடைசியாக, சந்தா நின்ற பிறகு என்ன மிஞ்சும் என்ற விஷயம். வயதான ஒரு வில்லுப்பாட்டுப் புலவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு கதையைப் பதிவு செய்கிறீர்கள். அவர் குரல் தனி ஃபைலாக இருக்கும், அதற்கு ஆபத்தில்லை. பின்னால் நீங்கள் சேர்த்த வயலினும் வீணையும் சந்தா பிளக்-இன்னில் இருந்து வந்தவை என்றால், சந்தா முடிந்த பின் பிராஜெக்டைத் திறக்கும்போது அந்த இடங்களில் மௌனம்தான் இருக்கும். ஒவ்வொரு டிராக்கையும் ‘வேவ்’ ஃபைலாகவும், வாசித்த ஸ்வரங்களை ‘மிடி’யாகவும் வேலை முடிந்த அன்றே வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். மிடி 1983-ல் வந்தது, வேவ் 1991-ல். இன்றைக்கும் எந்த சாஃப்ட்வேரிலும் திறக்கின்றன. ஒரு பாட்டுக்குப் பத்து நிமிட வேலை. இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, ஒன்றை ஸ்டூடியோவிலும் இன்னொன்றை வீட்டு அலமாரியிலும் வையுங்கள்.